நின்ற பின் ஏறும் சூடு

மார்கழிக் குளிரில் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் பற்றி யாரும் குழம்புவதில்லை. ராத்திரியெல்லாம் பனியில் நின்றது, ஆயில் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது, பேட்டரி சோர்ந்திருக்கிறது என்று காரணம் தானாக வாயில் வந்துவிடும். ஆனால் நூறு கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடிவந்த வண்டி, டீ குடிக்க நிறுத்திய பத்து நிமிடத்துக்குள் அடம்பிடித்தால் மனசு ஏற்க மறுக்கிறது. இப்போதுதானே ஓடியது? எல்லாப் பாகமும் சூடேறி, ஆயில் இளகி, வேலைக்குத் தயாராக இருக்கும் நேரம் அல்லவா இது? செல்ஃப் அடிக்க அடிக்க இன்ஜின் சுற்றுகிறது, பற்றமாட்டேன் என்கிறது. அரைமணி நேரம் கழித்து, யாரும் எதையும் தொடாமலேயே, ஒரே அடியில் பிடித்துக்கொள்கிறது. பழுது எங்கே போயிற்று?

இதை வெறும் பட்டறைச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. ஓர் இயந்திரம் எங்கே பழுதாகிறது என்பதைவிட எப்போது பழுதாகிறது என்பது முக்கியமாகிவிடும் இடம் இது. சூடான இன்ஜினின் மறுப்பைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், வண்டி ஓடும் நேரத்தை விட்டுவிட்டு அது நின்ற பிறகு வரும் அரைமணி நேரத்தைப் பார்க்க வேண்டும். அந்த அரைமணியில் வண்டியின் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. எல்லோரும் டீக்கடையில் இருக்கிறார்கள்.

*

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. எரிந்து வரும் சக்தியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. மீதியெல்லாம் வெளியே தள்ளியாக வேண்டிய சூடு. ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. இன்னொரு பகுதியை இன்ஜினுக்குள் சுற்றிவரும் தண்ணீர் வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. ஆயிலும் தன் பங்குக்குக் கொஞ்சம் சுமக்கிறது. இந்தப் பட்டுவாடா நொடி தவறாமல் நடப்பதால்தான் உள்ளே நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போதும் தண்ணீர் 90 டிகிரியை ஒட்டியே நிற்கிறது.

சாவியைத் திருப்பி அணைத்ததும் நெருப்பு நிற்கிறது. கூடவே பெல்ட் நிற்கிறது. பெல்ட்டை நம்பியிருந்த தண்ணீர் பம்ப் நிற்கிறது. பழைய வண்டிகளில் ஃபேனும் அதே பெல்ட்டில்தான், அதுவும் நிற்கிறது. வண்டி நகராததால் எதிர்க்காற்றும் இல்லை. சூட்டை எடுத்துச்சென்ற ஆட்கள் எல்லோரும் ஒரே நொடியில் வேலையை விட்டுவிட்டார்கள். சூடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பல நூறு டிகிரியில் இருந்த இரும்பு. அதன் சூட்டுக்கு இனிப் பக்கத்தில் இருப்பவற்றின் மேல் ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. விறகை வெளியே இழுத்த பிறகும் மண் அடுப்பின் சுவர் சட்டியைக் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கும் அல்லவா, அப்படித்தான் இதுவும்.

ஓடிக்கொண்டிருந்தபோது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் குளிர்ச்சியாக இருந்தது. உள்ளே ஆவியாகும் பெட்ரோலே அதைக் குளிர்வித்தது. பெட்ரோல் குழாயில் டாங்கிலிருந்து வரும் புது பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்தது. செல்ஃப் மோட்டாரையும் இக்னிஷன் காயிலையும் காற்று தழுவிக்கொண்டிருந்தது. இவை எல்லாமே தங்கள் உச்ச சூட்டைத் தொடுவது வண்டி நின்ற பிறகுதான். அந்த உச்சம் வர ஏறக்குறைய பத்திலிருந்து இருபது நிமிடம் பிடிக்கும். பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டு ஒரே நிமிடத்தில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிற வண்டி, டீக்கடையில் மக்கர் செய்வதற்கும், சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் நிறுத்திய பிறகு சாதுவாகக் கிளம்புவதற்கும் காரணம் இதுதான். வாகனப் பொறியாளர்கள் இதை ஹீட் சோக் என்கிறார்கள்.

நின்ற வண்டியைச் சட்டமும் கவனித்திருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றில் கலப்பதை அளக்கும் அமெரிக்கச் சோதனையில், ஓட்டம் முடிந்து இன்ஜினை அணைத்த பிறகு வரும் ஒரு மணி நேரத்துக்கென்றே தனிப் பகுதி உண்டு. அந்த ஆவியைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு கலிஃபோர்னியாவில் 1970இலும், அந்நாடு முழுவதிலும் 1971 மாடல் வண்டிகளிலும் கட்டாயமானது. அணைத்துவிட்ட வண்டி சும்மா இருப்பதில்லை என்பது அன்றைக்கே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

*

பெட்ரோல் என்பது ஒரே சரக்கு அல்ல. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் மிக இலகுவானவை 35 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கும். கனமானவை 200 டிகிரி வரை தாங்கும். தண்ணீரைப் போல ஒரு குறிப்பிட்ட டிகிரியில் கொதிப்பது அல்ல அதன் இயல்பு. கோடையில், பானெட்டுக்கு அடியில், நின்ற இன்ஜினின் மேல் அது படிப்படியாகக் கொதிக்கிறது. இலகுவான பகுதி முதலில் பிரிகிறது.

கார்புரேட்டர் வண்டியில் இது இரண்டு விதமாகக் கெடுதல் செய்யும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிர்.

முதலாவது, பெட்ரோல் மிகுந்துபோவது. கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் தேங்கி நிற்கும். அது கொதித்தால் குமிழிகள் பெட்ரோலை ஜெட் வழியாகத் தள்ளிக்கொண்டு இன்டேக் மேனிஃபோல்டில் கொட்டும். இன்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் வேண்டும்; பெட்ரோல் மட்டும் குளம்போல் நின்றால் பற்றாது. பிளக் நனைந்துபோகும். பானெட்டைத் திறந்தாலே பச்சை பெட்ரோல் வாடை அடிக்கும். 'ஓவர் ஆயிடுச்சு' என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான். இந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விடுவது இன்னும் பெட்ரோலை உள்ளே பீச்சும். ஒரே மிதியாகக் கடைசிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். அப்போது காற்று தாராளமாகப் புகுந்து தேங்கியதை வெளியேற்றும்.

இரண்டாவது, பெட்ரோல் வராமலே போவது. பிரீமியர் பத்மினியிலும் கார்புரேட்டர் காலத்து மாருதி 800இலும் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருந்தது. டாங்க் பின்னால், பம்ப் முன்னால். பம்ப் உறிஞ்ச, பெட்ரோல் வர வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அழுத்தம் குறைந்தால் திரவம் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். குழாய்க்குள் ஆவி நிறைந்துவிட்டால் பம்பின் உதரவிதானம் அந்த ஆவியை அமுக்குவதும் விடுவதுமாகவே இருக்கும். திரவம் ஒரு சொட்டுகூட நகராது. பட்டறைகளில் இதை ஏர் லாக் என்பார்கள். உண்மையில் அங்கே அடைத்துக்கொண்டிருப்பது காற்று அல்ல, பெட்ரோலின் ஆவி.

ஒரே சூடு, ஒரு வண்டியில் பெட்ரோல் வழிகிறது, இன்னொன்றில் வறள்கிறது. முகர்ந்து பார்க்காமல் எது என்று சொல்லிவிட முடியாது.

மலைச் சாலை இதை மேலும் கடுமையாக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையில் கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தை 35 கிலோமீட்டருக்குள் ஏறியாக வேண்டும். கீழ் கியரில் இன்ஜின் முழுச் சக்தியோடு உறுமிக்கொண்டிருக்கும். வண்டியின் வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்றும் குறைவு. போகப்போகக் காற்றழுத்தமும் இறங்கும். குன்னூரில் அது கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. ஊட்டியில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும் என்றால் பெட்ரோலின் நிலைமையைக் கேட்க வேண்டியதில்லை. வழியில் பர்லியாரில் பழக்கடை பார்க்க இறங்கிய எத்தனையோ குடும்பங்கள், திரும்பி வந்து செல்ஃப் அடிக்க, சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றதற்கு இத்தனையும் சேர்ந்த காரணம் உண்டு.

அம்பாசடருக்கு இன்னொரு பிரச்சினை பிறவியிலேயே இருந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை காரை ஒட்டி 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கி, 2014 வரை வந்த வண்டி அது. நீண்ட காலம் அதில் இருந்த 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. எக்ஸாஸ்டின் தணலுக்கு மேலேயே கார்புரேட்டர். இதை வடிவமைத்தவர்கள் விவரமறியாதவர்கள் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டின் பனிக்காலத்தில் பெட்ரோல் ஆவியாவதுதான் கஷ்டம். மேனிஃபோல்டில் கொஞ்சம் சூடு ஏறினால் இன்ஜின் சீக்கிரம் சரளமாகும். அங்கே வரமாக இருந்த அந்த ஏற்பாடு சித்திரை வெயிலில் சேலத்தைத் தாண்டும்போது சுமையாக மாறியது. இரண்டு ஊர்களிலும் இரும்பு ஒன்றுதான். சுற்றியிருந்த வெயில் வேறு.

வாடகைக் கார் ஓட்டியவர்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து ஈரத்துணி. பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, பெட்ரோல் பம்பின் மேலும் குழாயின் மேலும் நனைத்த துணியைச் சுற்றிவைப்பார்கள். துணியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பம்புக்குள் இருக்கும் ஆவி மறுபடி பெட்ரோலாகப் படிகிறது. சில நிமிடத்தில் வண்டி கிளம்பும். அந்த டிரைவர்களில் பலர் இதன் காரணத்தை எந்தப் புத்தகத்திலும் படித்தவர்கள் அல்ல. ஆனால் இன்ஜினில் எந்த இடத்தில் துணி போட வேண்டும், எந்த இடத்தில் போடக் கூடாது என்பதில் அவர்களுக்குக் கொஞ்சமும் தடுமாற்றம் இருந்ததில்லை. கொதிக்கும் இன்ஜின் பிளாக்கின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும் என்பதும், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கை வெந்துபோகும் என்பதும் அவர்கள் அடுத்த தலைமுறைக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவை. இந்த இரண்டு எச்சரிக்கைகளும் இன்றைக்கும் ஒரு எழுத்து மாறாமல் பொருந்தும்.

*

ஓடுவதற்காக ஓர் இன்ஜினை வடிவமைப்பது பாதி வேலை. நின்ற பிறகு அது என்ன பாடுபடும் என்று யோசித்து வடிவமைப்பது மறுபாதி. மோட்டார் வாகனத்தின் வரலாற்றில் இந்த மறுபாதியைத் தனியாகப் பிரித்துப் படிக்கலாம். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூடு கடத்தாத பேக்கலைட் தட்டு வந்தது. எக்ஸாஸ்டுக்கும் கார்புரேட்டருக்கும் இடையே தகர மறைப்பு வந்தது. பம்ப் வரை வந்த பெட்ரோலில் மிஞ்சியதை ஆவியோடு சேர்த்து டாங்குக்கே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய் வந்தது. இவற்றில் எதுவும் வண்டியின் வேகத்தைக் கூட்டவில்லை, மைலேஜைக் கூட்டவில்லை. நின்ற வண்டி மறுபடி கிளம்ப வேண்டும் என்பதற்காகவே வைக்கப்பட்டவை.

2000ஆம் ஆண்டையொட்டி இந்தியக் கார்களில் கார்புரேட்டர் விடைபெற்று இன்ஜெக்‌ஷன் வந்தபோது பெரிய விடுதலை கிடைத்தது. பம்ப் டாங்குக்குள்ளேயே போய்விட்டது. இழுக்கிற பம்ப் தள்ளுகிற பம்பாக மாறியது. குழாயில் பெட்ரோல் ஏறக்குறைய மூன்று பார் அழுத்தத்தில் நிற்கிறது. அந்த அழுத்தத்தில் அது எளிதில் கொதிக்காது. வண்டியை அணைத்த பிறகும் அழுத்தம் இறங்காமல் ஒருவழி வால்வு பிடித்துவைத்திருக்கும். வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றிக்கொண்டிருப்பதைக் கேட்டிருப்பீர்கள். பழுது என்று பயப்பட வேண்டியதில்லை. நின்ற பின் ஏறும் சூட்டுக்காகத்தான் அது உழைக்கிறது. இன்றைய சில கார்கள் ஒவ்வொரு சிக்னலிலும் தாமாக அணைந்து தாமாக ஸ்டார்ட் ஆகின்றன. சூடான இன்ஜினை ஒரே நாளில் பல தடவை எழுப்புவது சாதாரணமாகிவிட்டது என்றால், இத்தனை காலமும் அந்த அரைமணியைப் பற்றி யோசித்தவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

ஆனாலும் பழைய சிக்கல் ஒழியவில்லை. இடம் மாறிக்கொண்டது.

*

இன்ஜெக்‌ஷன் வண்டியில் கிராங்க் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் அளவுதான். பல வண்டிகளில் அது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய முடியளவு மெல்லிய செம்புக் கம்பியும் சேர்ந்தது. கிராங்க் சுற்றும்போது பல்சக்கரத்தின் பற்கள் அதைக் கடக்கும். ஒவ்வொரு கடத்தலுக்கும் ஒரு சிறு மின்துடிப்பு. இசியு என்ற கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தி இதன் வழியாகத்தான் போகிறது. அந்தக் கம்பியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறியிருக்கும்போது இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கும். சூடேறினால் எல்லாம் விரியும், முனைகள் விலகும், செய்தி நின்றுபோகும். செல்ஃப் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரோ இன்ஜின் நின்றிருப்பதாக நினைத்து பெட்ரோலும் கொடுக்காது, பிளக்கில் பொறியும் கொடுக்காது. ஆறியதும் முனைகள் மறுபடி சேரும். வண்டிக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பதுபோல் இருக்கும்.

தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சாரும் இப்படிக் கெடுக்கும். சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்வது அதன் வேலை. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 டிகிரியில் இரண்டரை ஆயிரம் ஓம் அளவில் இருப்பது, 80 டிகிரியில் சுமார் முந்நூறு ஓமுக்கு இறங்கிவிடும். சென்சார் கெட்டு, கொதிக்கும் இன்ஜினைக் குளிர்ந்தது என்று சொல்லிவிட்டால், கம்ப்யூட்டர் அதை நம்பி குளிர்காலத்துக்கான அளவில் பெட்ரோலைப் பீச்சும். விளைவு, பழைய கார்புரேட்டரின் அதே வழிதல். இன்ஜெக்டர் சொட்டினாலும் அதே கதை. அப்போதும் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பது பல வண்டிகளில் பலிக்கும். அந்த நிலையில் பெட்ரோலை நிறுத்தச் சொல்லி கம்ப்யூட்டருக்கே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இன்ஜின் சுற்றவே மறுத்தால் பார்க்க வேண்டிய இடம் வேறு. செல்ஃப் மோட்டார் பல வண்டிகளில் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் இருந்த சுருள் 100 டிகிரிக்குப் போனால் தடை முப்பது சதவீதத்தை நெருங்கிக் கூடியிருக்கும். பேட்டரியும் வயரும் எர்த்தும் நன்றாக இருந்தால் இது பெரிய விஷயமல்ல. டெர்மினலில் பூசணம் பூத்து, எர்த் வயர் துருப்பிடித்து, சுருள் கிழடாகிப்போன வண்டியில் இந்த முப்பது சதவீதம்தான் கடைசிச் சுமை. 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து நின்றுவிடும்.

டீசல் கொதிக்கத் தொடங்குவதே 180 டிகிரியை ஒட்டித்தான். ஆகவே அதற்கு இந்த ஆவி அடைப்பு இல்லை. அதன் சங்கடம் இளகிப்போவது. தேய்ந்த இன்ஜெக்‌ஷன் பம்பில் சூடான டீசல் நீர்த்து, தேய்மான இடைவெளி வழியாகக் கசிந்துவிடும். செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் நாசில் திறக்கத் தேவையான அழுத்தம் எழும்பாது. அந்தப் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு வண்டி ஸ்டார்ட் ஆனால் பம்ப் தேய்ந்திருக்கிறது என்பது டீசல் மெக்கானிக்குகளுக்கு ஒரு சோதனை முடிவு மாதிரி. பெட்ரோல் வண்டிக்கு மருந்தாக இருந்த அதே ஈரத்துணி இங்கே நோயைக் காட்டிக்கொடுக்கும் கருவியாகிவிடுகிறது.

*

இத்தனை காரணங்களுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. எதுவும் ஆறிய வண்டியில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. பட்டறைக்கு வந்துசேரும் வண்டியோ பெரும்பாலும் ஆறிய வண்டி. மெக்கானிக் சாவியைத் திருப்புகிறார். முதல் அடியில் பிடிக்கிறது. ஸ்கேனரைச் செருகுகிறார், பல சமயம் பிழைக் குறியீடு ஒன்றும் பதிவாகியிருக்காது. உரிமையாளர் தான் சொல்வதை யாரும் நம்பவில்லையோ என்று சங்கடப்படுகிறார். இந்த இடத்தில்தான் ஊகத்துக்குச் சாமான் மாற்றுவது தொடங்குகிறது. பிளக் மாற்று, காயில் மாற்று, பெட்ரோல் பம்பை மாற்று. ஒவ்வொன்றுக்கும் பில் உண்டு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் வண்டி இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு டீக்கடை வாசலில் மறுபடி நிற்கும்.

நண்பர் ஒருவரின் கார் இப்படிப் பல பட்டறை பார்த்துவிட்டு, ஊட்டிக்குப் போகும் வழியில் மேட்டுப்பாளையத்தில் சாலையோரப் பட்டறை ஒன்றுக்கு வந்தது. கூட நானும் இருந்தேன். வண்டியை விட்டுவிட்டுப் போகிறேன், சாயங்காலம் எடுத்துக்கொள்கிறேன் என்று நண்பர் சொன்னார். ஐம்பதைத் தாண்டிய அந்த மெக்கானிக் சாவியை வாங்கவில்லை.

"ஆறுன வண்டியக் குடுத்துப்போட்டுப் போனீங்கன்னா நான் என்னத்தைங்க பாக்கறது? சூட்டுல வந்தது சூட்டுலதானுங்க தெரியும். வாங்க, பர்லியார் வரைக்கும் நானும் வர்றேன்."

பர்லியாரில் வண்டியை ஓரங்கட்டி அணைக்கச் சொன்னார். பானெட்டைத் திறக்கவிடவில்லை, திறந்தால் சூடு போய்விடும் என்றார். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் போனதும் நண்பரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. "முள்ளப் பாருங்க சார்" என்றார். ஆர்பிஎம் காட்டும் முள் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. இன்ஜின் சுற்றும் சத்தம் எங்கள் காதில் விழுகிறது. அந்தச் செய்தி கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. பானெட்டைத் தூக்கி, பாட்டில் தண்ணீரில் நனைத்த துணியைக் கம்பி ஒன்றின் நுனியில் சுற்றி, கிராங்க் சென்சாரின் மேல் ஒற்றிப் பிடித்தார். வேறு எதையும் தொடவில்லை. மறுபடி அடித்தபோது முள் எழுந்தது, வண்டி பிடித்துக்கொண்டது. கீழே வந்து அந்த ஒரு சென்சாரை மட்டும் மாற்றினார். பில்லில் சென்சாரின் விலை, மாட்டின கூலி. மலையேறிக் காத்திருந்த நேரத்துக்கு ஒன்றும் எழுதவில்லை. நண்பர் வற்புறுத்திய பிறகுதான் அதற்கென்று ஒரு தொகையை வாங்கிக்கொண்டார்.

அவருடைய கையில் இருந்தது பழைய டிரைவர்களின் அதே ஈரத்துணி. மனதில் இருந்தது இன்றைய கம்ப்யூட்டர் வண்டியின் வரைபடம். இரண்டையும் இணைத்தது அவருடைய பொறுமை. பழுது தன் நேரத்துக்கு வரும்வரை அதன் இடத்தில் போய்க் காத்திருப்பது ஒரு முறை, ஓர் ஒழுங்கு. அறிவியல் கூடங்களில் இதற்குப் பெரிய மதிப்பு உண்டு. ஒரு நிகழ்வை ஆராய வேண்டுமானால் அது நிகழும் நிலைமையை முதலில் உண்டாக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி. அதே காரியத்தைக் கிரீஸ் படிந்த கையோடு சாலையோரத்தில் ஒருவர் செய்யும்போது, நாம் அதை அறிவு என்று எண்ணி விலை கொடுப்பதில்லை. சாமானுக்குக் கொடுக்கிறோம், மாட்டியதற்குக் கொடுக்கிறோம். கண்டுபிடித்ததற்குக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. இதனால்தான் கண்டுபிடிக்கும் பழக்கம் பட்டறைகளில் குறைந்து, கழற்றி மாட்டும் பழக்கம் வளர்கிறது என்பது என் திடமான எண்ணம். குறை மெக்கானிக்கிடம் மட்டும் இல்லை. எதற்குக் கூலி என்று தீர்மானிக்கும் நம்மிடம் இருக்கிறது.

இனி உங்கள் வண்டி சூட்டில் மக்கர் செய்தால் முதலில் மணியைப் பாருங்கள். எவ்வளவு தூரம் ஓடிய பிறகு, நிறுத்தி எத்தனை நிமிடத்தில், ஏற்றத்திலா சமதரையிலா, மறுபடி எப்போது பிடித்தது என்று எழுதிவையுங்கள். செல்ஃப் சுற்றியதா, சோர்ந்து சுற்றியதா, சத்தத்தோடு நின்றதா? பெட்ரோல் வாடை இருந்ததா? ஆர்பிஎம் முள் எழுந்ததா? மெக்கானிக்கிடம் வண்டியோடு இந்தத் தாளையும் கொடுங்கள். முடிந்தால் சூடாக இருக்கும்போதே கொண்டுபோய் நிறுத்தி, அவரோடு கூட இருங்கள். சாமான் ஒன்றும் மாற்றாமல் அவர் செலவழித்த மணிக்கும் கேட்காமலே கூலி கொடுங்கள்.